மலை உதிர்த்த மணல்

குமரிமுனையில் கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள கடைகளில், சங்குக்கும் சிப்பி மாலைக்கும் பக்கத்தில், சின்னச் சின்னப் பொட்டலங்களில் மணல் விற்பார்கள். ஒன்று கறுப்பு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இன்னொன்று மாதுளை முத்தின் சிவப்பு. வேறொன்று தேன்மஞ்சள். வெள்ளை மணலில் ஒரு ரகம் குருணை அரிசியைப் போலவே இருக்கும், வாங்கியவர் வீட்டில் கொண்டுபோய்த் தட்டில் கொட்டினால் பிள்ளைகள் அரிசி என்றே நினைப்பார்கள். அதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட தாணுமாலயன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தப்பிவிட்டது என்று எண்ணி வழுக்கம்பாறையிலேயே திரும்பிவிட்டார். குமரி கன்னியாகவே நின்றுவிட்டாள். கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் வேகாமலேயே மணலாகிப் போயின. இந்தக் கதையைப் புராணம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இந்த மணல் முன்பு வேறு ஏதோவாக இருந்தது, இருந்த உருவம் மாறிக் கரைக்கு வந்தது என்ற ஒரு விஷயத்தை அது சரியாகப் பிடித்திருக்கிறது. வேறு எதுவாக இருந்தது என்ற கேள்விக்குத்தான் பாறையியல் பதில் சொல்கிறது.

அந்தப் பதிலை இந்த மாவட்டம் இன்னும் முழுதாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். இங்கே இரண்டு வழக்குகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. கடலோரத்தில் கருமணல் வழக்கு, மலையடிவாரத்தில் கல்குவாரி வழக்கு. மனு கொடுப்பவர்கள் வேறு, கூட்டம் போடுபவர்கள் வேறு, பேசும் மொழிகூட வேறு. கடற்கரைக்காரர் மணலைக் கடல் தந்த சொத்தாகப் பேசுகிறார், உள்நாட்டுக்காரர் பாறையை வயலுக்கும் குளத்துக்கும் காவலாகப் பேசுகிறார். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பாறைகள் ஆராயப்பட்ட நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் இரண்டும் ஒரே பொருள் என்பது தெரியும். மணல் என்பது நடந்து வந்த மலை. இங்குள்ள மலையைப் படிக்கும் விஞ்ஞானத்துக்கு விலையும் வேகமும் கிடைத்தது மணலால். மணலைப் புரிந்துகொள்ளும் வழி கிடைத்தது மலையால்.

மணலுக்கு விலை வந்த கதை பலரும் அறிந்ததுதான், ஆனாலும் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கதம்பையைக் காயல் நீரில் அழுகப்போட்டு, அடித்து, நாரெடுத்து, கரை மணலில் உலரவைத்துக் கயிறாக்குவது திருவிதாங்கூர்க் கரையின் பழைய தொழில். அந்த நாரிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் கப்பலேறி ஐரோப்பா போயிற்று. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அப்படி ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அது வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு குமரிக் கரையிலுள்ள மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் மோனசைட்டுக்கு ஏன் அத்தனை தேவை என்பது பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அந்த விளக்கின் மேன்டில் வெறும் நூல்வலை அல்ல. நூல் எரிந்து சாம்பலான பிறகு கூடாக நின்று வெண்ணிறமாக ஒளிர்வது தோரியம் ஆக்ஸைடு, அதனுடன் நூற்றில் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. ஆஸ்திரியாவின் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாஹ் 1890களின் தொடக்கத்தில் இந்தக் கலவையைக் கண்டுபிடித்த பிறகு ஐரோப்பிய நகரங்களின் எரிவாயுத் தெருவிளக்குகள் தோரியத்தை நம்பியிருந்தன. அதற்கான மணல் பிரேசிலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பிரேசில் மோனசைட்டில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் தோரியம் ஆக்ஸைடு, நம் கரையில் எட்டு ஒன்பது பங்கு. வணிகம் எங்கே திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்பதால் தொழில் ஷோம்பெர்க்கின் கையைவிட்டு நழுவி லண்டன் கம்பெனியிடம் போயிற்று. அப்போது மோனசைட்டை எடுத்துக்கொண்டு வேண்டாமென்று கொட்டிய இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவுக்கு, 1920களில் டைட்டானியம் வெள்ளைப் பெயின்ட் வந்ததும், மோனசைட்டைவிடப் பெரிய சந்தை பிறந்தது. சுதந்திர இந்தியா அணுசக்திக்காகத் தோரியத்தைக் காத்து வைக்க முடிவு செய்து 1950இல் இந்திய அரிய மணல் நிறுவனத்தைத் தொடங்கியது. 1956 நவம்பர் 1இல் இந்தக் கரை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1960களில் மணவாளக்குறிச்சி ஆலை அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இந்த வரலாற்றை நாம் எப்போதும் தற்செயலின் கதையாகவே சொல்லி வருகிறோம்: ஒரு கயிறு, ஒட்டிய மணல், ஒரு ஜெர்மானியர். அப்படிச் சொல்லும்போது மணல் எங்கிருந்தோ வந்து கரையில் கிடந்ததாக ஆகிவிடுகிறது. உண்மையில் மணலுக்கு விலை வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இந்த நிலத்தைப் பாறை பாறையாக நடந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1882இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் புவியியல் பற்றிய பொதுச் சித்திரம் ஒன்றை எழுதினார். அடுத்த ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் தென் திருவிதாங்கூருக்கென்றே தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டார். 1863இல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியை எடுத்து இந்தியத் தொல்லியலையே திருப்பிவிட்ட அதே ஃபூட்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே வயலுக்கு நடுவே திடீரென்று எழும் குன்றுகளும், கரையோரத் தேரிச் செம்மண்ணும், கடலுக்குள் இறங்கும் பாறைகளும் அறிவியல் எழுத்துக்குள் வந்தது இப்படித்தான். அவர்கள் காலத்தில் மோனசைட் யாருடைய கவனத்திலும் இல்லை. 1914இல்தான் அதே துறையின் ஜி. எச். டிப்பர் திருவிதாங்கூரின் மோனசைட் மணலைப் பற்றி எழுதினார். மணலின் பிறப்பிடத்தை உள்நாட்டுப் பாறைகளில் தேட வேண்டும் என்ற பாதை அங்கே திறந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு வணிகப் பொருள் ஒரு புவியியல் கேள்வியாக மாறியது.

கேள்விக்கான விடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலையடிவாரத்தில் புதிதாக வெட்டிய ஒரு சாலைச் சரிவைப் பாருங்கள். அடியில் கெட்டியான கருங்கல். அதற்கு மேலே, கல்லின் கோடுகள் அப்படியே தெரிந்தாலும் கைவிரலால் குத்தினால் பொடிந்துவிடும் ஒரு பகுதி. அதற்கும் மேலே செம்மண், இடையிடையே வெட்டுக்கல். ஆண்டில் இரண்டு மழைக்காலம் பெறும் இந்த மண்ணில் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாகி நீரோடு போய்விடுகிறது. இரும்புள்ள தாதுக்கள் துருவாகி மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கின்றன. குவார்ட்ஸ் எஞ்சுகிறது. அதனோடு, பாறையில் சிட்டிகை அளவே இருந்தாலும் எளிதில் கரையாத தாதுக்களும் எஞ்சுகின்றன: இல்மனைட், சிர்கான், மோனசைட், சில்லிமனைட், ஓரளவுக்கு கார்னெட். மழை இவற்றை ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் தள்ளுகிறது. வள்ளியாறு வேளிமலைப் பக்கத்து நீரைச் சுமந்து வந்து கடியபட்டினத்தில் கடலில் விழுகிறது, பக்கத்திலேயே மணவாளக்குறிச்சி. இதற்கு மேல் நடக்கும் வேலையை நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, சுளகில் நெல் புடைப்பதுதான் அது. குவார்ட்ஸ் மணல் அதே அளவு தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிக எடை, கார்னெட் ஏறக்குறைய நான்கு மடங்கு, இல்மனைட்டும் சிர்கானும் நாலரை மடங்குக்கு மேல், மோனசைட் ஐந்து மடங்கு. இடவப்பாதியில் அலை மூர்க்கமாகக் கரையில் மோதித் திரும்பும்போது லேசான வெள்ளை மணலைப் பதராக வாரிக்கொண்டு போகிறது, கனமானது மணியாகத் தங்குகிறது. மழைக்காலம் முடிந்ததும் கரையில் மை பூசியதுபோல் கறுத்த பட்டைகள் படிந்து கிடப்பது இதனால்தான்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கடல் நீரோட்டங்கள் மணலைக் கரையோரமாக வெகுதூரம் நகர்த்துகின்றன. பழங்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது வெளியே படிந்த மணலும் பிறகு உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க இந்த மணலை இந்த மலையோடு முடிச்சுப் போடுவது எப்படி என்று கேட்கலாம். கேட்பவர் சொல்லும் இரண்டும் உண்மைதான். ஒவ்வொரு மணலுக்கும் ஒரு ஓடையைக் காட்ட முடியாது. ஆனால் கடல் மணலை உண்டாக்கியிருந்தால், அல்லது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கியிருந்தால், இந்தக் கரை நெடுகிலும் ஒரே கலவை கிடந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. குமரிக் கரை மணலில் கார்னெட்டின் சிவப்பு அள்ளும். வடக்கே கொல்லம் பக்கத்துச் சவறா மணலில் கார்னெட் மிகக் குறைவு. மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் டைட்டானியம் ஆக்ஸைடு நூற்றுக்கு 55 பங்கு என்றால் சவறாவில் 60 பங்கு. தரையில் நீண்ட காலம் கிடந்து வெட்டுக்கல்லாக மக்கும்போது இல்மனைட்டிலுள்ள இரும்பு கரைந்து வெளியேறுகிறது, கார்னெட்டோ சிதைந்தே போய்விடுகிறது. ஆக ஒவ்வொரு கரை மணலும் தனக்குப் பின்னாலுள்ள நிலத்தில் எந்தப் பாறை இருந்தது, அது எத்தனை காலம் மழையில் ஊறியது என்ற கணக்கைத் தன்னிடமே வைத்திருக்கிறது. கடல் சுளகு மட்டுமே. நெல் விளைந்த வயல் மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த வயலைப் பார்ப்போம். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குன்றுகளில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. உடைத்த புதுமுகத்தில் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதுபோன்ற ஒரு பளபளப்பு, சில இடங்களில் குவார்ட்ஸே நீலம் பாய்ந்து தெரியும். இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தது ஒரு கல்லறைக் கல்லிலிருந்து. கல்கத்தா நகருக்கு அடியிட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து இறந்தவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். 1900இல் விரிவான நூலாக எழுதியபோது, உருகிய குழம்பு இறுகிப் பிறந்த தீப்பாறை இது என்று உறுதியாகச் சொன்னார். நாற்பது ஐம்பது ஆண்டுகள் அது பெரும்பாலோருக்கு ஏற்புடையதாக இருந்தது. பிறகு, ஏற்கெனவே இருந்த பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவையே இவை என்ற குரல் மைசூர்ப் புவியியலாளர்களிடமிருந்து எழுந்தது. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாதாரணப் பட்டைப்பாறை கண்முன்னே சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையில் உறைந்து நிற்பதைக் காட்டி உலக அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அதே காட்சி நமக்கு வடக்கே திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியிலும் இருக்கிறது. வெளிர்சாம்பல் பாறையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கோலக்கோடுபோல் ஓடிவருகின்றன. திடீரென்று ஒரு கரும்பச்சைத் திட்டு குறுக்கிடுகிறது. அதற்குள் நுழைந்ததும் பட்டைகள் மங்கி மறைந்துவிடுகின்றன. திட்டைத் தாண்டி அதே பட்டைகள் மறுபடி தொடங்குகின்றன. தாளில் எண்ணெய் சொட்டினால் எழுத்து மங்குவதுபோல. கரியமில வாயு நிறைந்த ஆவி பாறையின் வெடிப்புகளில் ஏறி நீரைத் துரத்த, நீர் இல்லாத நிலையில் கறுப்பு அப்ரகம் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவாக மாறியது என்பது ஒரு விளக்கம். பாறை ஓரளவு உருகி, உருகிய பகுதி நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது என்பது இன்னொரு விளக்கம். இன்றும் இது முடியாத விவாதம். என் பார்வையில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கும் என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருத்தம். ஹாலண்டும் முழுதாகத் தோற்றுவிடவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பெரும்பாறைகள் முதலில் உருகிய குழம்பாகப் பிறந்து, நெடுங்காலம் கழித்து மறுபடி வேகவைக்கப்பட்டவை.

எவ்வளவு காலம் கழித்து என்று சொன்னது எது தெரியுமா? அதே மோனசைட். பொட்டலத்திலுள்ள தேன்மஞ்சள் மணிதான். தோரியமும் யுரேனியமும் தாமாகவே சிதைந்து இறுதியில் ஈயமாகின்றன. தோரியத்தில் பாதி ஈயமாவதற்கு 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். மோனசைட் பாறைக்குள் உருவாகும்போது தோரியத்தை வாரி எடுத்துக்கொள்கிறது, ஈயத்தை ஏறக்குறைய உள்ளே விடுவதில்லை. ஆகவே இன்று ஒரு மணிக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது பிறந்த நாள் தெரிந்துவிடும். ஷோம்பெர்க் கயிற்று மணலில் மோனசைட்டைக் கண்ட இரண்டே ஆண்டுகளில், 1911இல், லண்டனில் ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் யுரேனிய ஈயக் கணக்கால் பாறைக்கு வயது சொல்லும் முறையைக் காட்டினார். விளக்கு வலைக்காகத் தோரியத்தைத் தேடியவர்கள், பாறையின் கடிகாரத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பதை அறியவில்லை. அந்தக் கடிகாரத்தையும் சிர்கானின் கடிகாரத்தையும் பின்னாளில் படித்தபோது கிடைத்த விடை இது: நாகர்கோவில் பாறைகளின் மூலக்குழம்பு சுமார் 200 கோடி ஆண்டுக்கு முந்தையது. அவை மறுபடி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பு. அப்போது அவை 20 கிலோமீட்டர் அளவு ஆழத்தில், 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தன. அவற்றுக்கு இடையே கிடக்கும் கோண்டலைட், அதாவது கார்னெட்டும் சில்லிமனைட்டும் நிறைந்த பாறை, ஒரு காலத்தில் ஏதோ ஒரு கடலின் அடியில் படிந்த களிமண். இன்று நாம் கால் வைத்து நிற்கும் பாறைக்கு மேலே இருந்த 20 கிலோமீட்டர் மலையும் அரித்துக்கொண்டு போய்விட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். கரையில் கிடக்கும் மணல் அந்தப் பெரிய அரிப்பின் கடைசிக் கைப்பிடி.

55 கோடி ஆண்டு என்பது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா எல்லாம் மோதி ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருநிலமாக ஆன காலம். அதனால்தான் இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளும் குமரிப் பாறைகளும் உடன்பிறந்தவைபோல் இருக்கின்றன. இதில் தமிழர்கள் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒரு பெயர் உண்டு. நடராஜர் சிற்பத்தை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசாமி அடிப்படையில் புவியியலாளர். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர். 1904இல் அவர் இலங்கையில் கண்டெடுத்த கனமான கரிய தாது ஒன்று, தோரியம் மிகுந்த புதிய தாது என்று பிறகு உறுதியாகித் தோரியனைட் என்ற பெயர் பெற்றது. மணவாளக்குறிச்சிக்கு ஐந்து ஆண்டு முன்பே, அதே பாறைக் குடும்பத்தின் மறுகரையில், அதே தனிமம். கலை வரலாற்றில் குமாரசாமியைக் கொண்டாடும் நாம் இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும்.

இந்த இடத்தில் குமரிக்கண்டத்தைப் பற்றிய கேள்வி வந்தே தீரும். மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இதே பாறை என்றால் இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியது என்பதற்கு அதுவே சான்றாகாதா? ஆகாது. 1864இல் ஃபிலிப் ஸ்கிலேட்டர் லெமூரியா என்ற கண்டத்தைக் கற்பனை செய்தது, லெமூர் விலங்குகள் கடல் கடந்து பரவியிருப்பதை விளக்க. நிலங்களே நகரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பாறைகள் ஒத்திருப்பதற்குக் காரணம் நடுவில் இருந்த நிலம் மூழ்கியதல்ல, ஒட்டியிருந்த நிலங்கள் விலகியதுதான். அண்டார்க்டிகா சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன்பும் மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்பும் பிரிந்தன. மனித இனமே இல்லாத காலம் அது. நடுவில் இருக்கும் ஆழ்கடல் தரையில் கிடப்பது பசால்ட் என்ற எரிமலைப் பாறை, சார்னோக்கைட் அல்ல. கடல் கொண்டதாகச் சொல்லும் நம் மரபு வெறும் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது, அப்போது குமரிக்குத் தெற்கே ஆழமில்லாத கடல் பகுதி தரையாக இருந்தது, பிறகு மூழ்கியது. புவியியலாளர் சு. கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் இந்த வேறுபாட்டைத் தமிழில் பொறுமையாக எடுத்துரைத்திருக்கிறார். பாறை சொல்லும் உறவு கற்பனைக் கண்டத்தைவிடப் பெரியது. அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை.

வேறொரு மறுப்பையும் மதிப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். கிங்கும் ஃபூட்டும் வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே இந்த மண்ணில் கல்லை அறிந்தவர்கள் இருந்தார்களே, வரலாற்றை ஏன் வெள்ளைக்காரரிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சிதறால் மலையில் இயற்கைக் குகையின் பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுசீந்திரத்தில் ஒரே கல்லில் பல தூண்களைக் கடைந்து, தட்டினால் வெவ்வேறு சுரம் எழும்படி செய்திருக்கிறார்கள். மயிலாடிச் சிற்பிகள் இன்றும் உளிக்கு முன் காதால்தான் கல்லைப் பார்க்கிறார்கள். சுத்தியலால் தட்டும்போது மணிபோல் ஒலித்தால் எடுப்பார்கள், மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்போ உதிர்வோ இருக்கிறது என்று விலக்கிவிடுவார்கள். இது சோதித்துத் தெளிந்த அறிவு, ஐயமே இல்லை. ஒலி பாறைக்குள் போய் வருவதைக் கொண்டு பாறையின் உட்பகுதியை அறிவது இன்றைய பொறியியலும் செய்யும் வேலைதான். ஆனாலும் இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு. இந்தக் கல் எதற்கு உதவும் என்று சிற்பி கேட்டார், இது எப்படி வந்தது என்று பாறையியல் கேட்டது. முதல் கேள்விக்கு நம்மிடம் சிறந்த விடை இருந்தது. இரண்டாவது கேள்வியைக் கேட்டதால்தான் கல்லுக்கும் மணலுக்கும் உள்ள தொடர்பு வெளியே வந்தது. மருந்துவாழ்மலை, அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொன்னவர்களுக்கும் மலைகள் இடம் மாறும் என்பது மனத்தில் இருந்தது. எப்படி மாறும் என்பதைத்தான் பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள்.

இப்போது அந்த இரண்டு வழக்குகளுக்கு வருவோம். கருமணல் எடுப்பதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முக்கியமான வாதம், எடுத்த குழியை அடுத்த மழைக்காலத்தில் கடலே நிரப்பிவிடும் என்பது. கண்ணுக்கு அப்படித் தெரியத்தான் செய்யும். ஆனால் அங்கே கடல் செய்வது பக்கத்திலிருந்து வாரிப் போடுவது. கிடங்கில் இருக்கும் நெல்லை மூட்டை மாற்றி அடுக்குவதால் விளைச்சல் கூடிவிடாது. புது மணல் வரவேண்டிய பாதையோ ஒவ்வொரு இடமாக அடைபட்டு வருகிறது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வயலுக்கு உயிர் கொடுத்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த அணையும் தண்ணீரை விடுவதுபோல் மணலை விடுவதில்லை. பெருஞ்சாணி அணையும் அப்படியே. மறுபுறம் குன்றுகளே ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் ஏறிப் போகின்றன. எம்-சாண்டும் மணல்தான், அதே பாறை உடைந்த மணல்தான். மழை லட்சக்கணக்கான ஆண்டுகளில் உடைத்துக் கரைக்குக் கொடுத்ததை நாம் இயந்திரத்தால் ஒரே பகலில் உடைத்துக் கட்டடத்துக்குள் பூட்டிவிடுகிறோம். கரை அரிப்பு என்று தூண்டில் வளைவு கேட்டு நிற்கும் மீனவரும், குன்று போனால் ஊற்று போகும் என்று தாலுகா அலுவலகத்தில் நிற்கும் விவசாயியும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கதிர்வீச்சுப் பேச்சையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரையிலுள்ள கதிர்வீச்சை ஆலைதான் கொண்டுவந்தது என்று சிலரும், இயற்கையானதுதானே, ஆகவே தீங்கில்லை என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். பாறையின் வரலாறு முதல் கூற்றை மறுக்கிறது. தோரியம் ஆலைக்கு மட்டுமல்ல, மனிதனுக்கே மிக முந்தியது. ஆனால் அதே வரலாறு இரண்டாவது கூற்றுக்கும் துணை நிற்கவில்லை. பிறப்பிடம் இயற்கை என்பதால் ஒரு பொருள் உடலுக்கு நல்லதாகிவிடாது. பிரித்துக் குவிக்கும்போது அதன் செறிவும் கூடுகிறது. அதை மருத்துவ ஆய்வுதான் சொல்ல வேண்டும், மக்கள் முன்னிலையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பரங்கிமலைச் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துக் காத்து வருகிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களுக்கும், பெரம்பலூர்ச் சாத்தனூர்க் கல்மரத்துக்கும், கேரளத்தின் வர்க்கலைக் குன்றுக்கும் அந்தச் சிறப்பு கிடைத்திருக்கிறது. 200 கோடி ஆண்டுப் பாறையும், அது உதிர்த்த மணலும், இரண்டையும் இணைக்கும் ஆறும் ஒரே நாள் நடையில் பார்க்கக் கிடைக்கும் குமரி மாவட்டத்தில் அப்படி ஒரு சின்னம்கூட இல்லை. முட்டத்தின் கடலோரப் பாறைகளையாவது, உடைக்காமல் விட்ட ஒரு குன்றின் வெட்டுமுகத்தையாவது அந்தப் பட்டியலில் சேர்க்கக் கேட்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் முதலில் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், பிறகு கீழே இறக்கி மணலை அள்ளிப் பார்க்கச் சொல்ல வேண்டும். குவாரி உரிமங்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் இந்த மாவட்டத்தில் அதைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.